எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் லண்டன் ரோடும்

(இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர், தேவனூர் நாடு, கொல்லிமலை)

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு "ஏதாவது வரலாறு எழுதுங்க, ஆனா ராஜா ராணி கதை வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு வண்டிகளின் வரலாறுதான். பழைய மோட்டார் வண்டிகளில் கண்டம் விட்டுக் கண்டம் தரைவழியே போனவர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, அது நம் தமிழ் மக்களின் கதையாகவும் ஆகிவிட்டது. எப்படி என்று கீழே படித்தால் தெரியும்.

என் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலையில் பதினான்கு நாடுகள் உண்டு. வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று போகும் பட்டியலில் தேவனூர் நாடு எங்களுடையது. "உங்க நாட்டுக்கு வர விசா வேணுமா?" என்று ஹாஸ்டலில் நாலு வருஷமும் கேலி செய்தார்கள். விசா வேண்டாம், நல்ல பிரேக் இருந்தால் போதும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் எழுபது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிக் கல் நட்டிருக்கிறார்கள். எங்க மலைப் பிள்ளைகள் பலர் எண்ணிக்கை கற்றுக்கொண்டது அந்தக் கல்லைப் பார்த்துத்தான்.

முதல் வண்டிகள்

மோட்டார் வண்டி நம் நாட்டுக்கு வந்த புதிதில் சென்னைக்காரர்கள் வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் 1903-லேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார்கள். 1920-ல் கோவை ஜி.டி.நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதற்குக் கடன் கொடுத்து உதவியவர் ஸ்டேன்ஸ் துரை. அந்த ஒற்றை பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர் பெயரால் கோவையில் இயங்கும் கார் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. இயந்திரவியல் மாணவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

இதே காலத்தில் உலகத்தில் வேறொரு ஆசை பிடித்துக்கொண்டது. கார் என்று ஒன்று வந்துவிட்டது, இதில் எவ்வளவு தூரம் போகலாம்? 1907 ஜூன் மாதம் பீகிங் நகரத்திலிருந்து பாரிசுக்கு ஐந்து வண்டிகள் கிளம்பின. கோபி பாலைவனமும் சைபீரியாவும் நடுவில். ரோடு என்று சொல்லத் தக்கது பாதி தூரத்துக்கு இல்லை. இத்தாலிய இளவரசர் போர்கேசே 'இடாலா' காரில் இரண்டே மாதத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பாலம் தாங்காத இடங்களில் சைபீரிய ரயில் தண்டவாளத்தின் மேலேயே காரை ஓட்டியிருக்கிறார்கள்!

இந்தியாவுக்குத் தரைவழியே காரில் வந்தவர்களில் முதலில் பேர் வாங்கியவர் மேஜர் ஃபோர்ப்ஸ்-லீத். 1924-ல் இரண்டு துணைவர்களோடு ஒரு வுல்ஸ்லி காரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிப் பாரசீகம், பலுசிஸ்தான் வழியாக வந்து சேர்ந்தார். காருக்கு ஃபெலிக்ஸ் என்று பெயர் வேறு வைத்திருந்தார். அதைவிடப் பெரிய காரியம் செய்தவர் ஆஸ்திரேலியாக்காரர் பிரான்சிஸ் பர்டில்ஸ். 1927 அக்டோபரில் லண்டனில் 'பீன்' என்ற காரில் கிளம்பி, இந்தியாவின் குறுக்கே வந்து, அஸ்ஸாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே உள்ள நாகா மலைகளைத் தாண்டி, சிங்கப்பூர் வரை போய், கப்பலில் டார்வின் இறங்கி, 1928 ஜூலையில் மெல்போர்ன் சேர்ந்தார். 'சன்டவுனர்' என்ற அந்தக் கார் இன்றும் கான்பெரா தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கொதிக்கும் தண்ணீரும் ஈரத் துணியும்

இந்த வண்டிகள் எப்படித் தாக்குப் பிடித்தன என்று என் கூட வேலை செய்யும் இளம் இஞ்சினியர்கள் கேட்பதுண்டு. பதில் எங்க மலை ரோட்டிலேயே இருக்கிறது.

பழைய ஃபோர்டு டி மாடலுக்குத் தண்ணீர் பம்ப் கிடையாது (மிக ஆரம்பத்தில் வந்த சிலவற்றைத் தவிர). சூடான தண்ணீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், அவ்வளவுதான் ஏற்பாடு. சமவெளியில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். மலை ஏறும்போது வேகம் குறைவு, எஞ்சின் சுழற்சியோ அதிகம். சூடு உண்டு, காற்று இல்லை. போதாக்குறைக்கு, உயரே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். எங்க ஊர் 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால், மூடியில் அழுத்தம் தாங்காத பழைய ரேடியேட்டர் 96, 97 டிகிரியிலேயே பொங்கிவிடும். பாதி வழியில் நிறுத்திச் சுனைத் தண்ணீர் ஊற்றுவது அதனால்தான்.

அதே ஃபோர்டு காரில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் வராது. என்ன செய்வார்கள்? வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் மலை ஏறுவார்கள்! சிரிக்காதீர்கள், ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் கூடுதல்.

வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுபோனால், எங்க ஊர் டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றுவார்கள். பாரசீகப் பாலைவனத்தில் போன வெள்ளைக்காரனுக்கும் அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

இறக்கம் இன்னும் பெரிய சோதனை. டிரம் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் டிரம் சூடாகி விரியும். உள்ளே இருக்கும் ஷூ எட்டாமல் போகும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. "ஏறின கியர்லயே எறங்கு" என்று எங்க பெரியவங்க சொல்வது ஏதோ பழமொழி இல்லை, முழு வெப்ப இயக்கவியல். எழுபதாவது வளைவிலிருந்து முதல் வளைவு வரை அதைக் கடைப்பிடிக்கிறவன் பத்திரமாக வீடு சேருவான்.

எங்க மலைக்கு ஏற்ற வண்டியாக வந்தது ஜீப். இரண்டாம் உலகப்போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி. போர் முடிந்து, 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அதைப் பூட்ட ஆரம்பித்தது. நாலு சக்கரமும் இழுக்கும். இன்னொரு லீவரைப் போட்டால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வாழைத்தார், அன்னாசி, மிளகு, பிரசவ வலி எடுத்த பெண், பள்ளிக்கூட வாத்தியார் என எல்லாம் ஜீப்பில்தான் போகும், வரும். இன்று "விண்டேஜ்" என்று போட்டோ எடுத்துப் போடுகிறார்களே, அது எங்களுக்குப் பிழைப்பு.

ஆறு மாணவர்கள், ஆறு மாதம்

இப்போது, படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டிய கதை. 1955 செப்டம்பர் முதல் தேதி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பினார்கள். கையில் பணம் இல்லை. கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதி வண்டி, டயர், எண்ணெய், சாப்பாட்டு டப்பா எல்லாம் வாங்கினார்கள். படச்சுருள் வாங்க உதவியவர் அப்போது பி.பி.சி.யில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ. 1956 மார்ச் 6-ம் தேதி சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்கு அவர்கள் போனது, போர்க்காலத்தில் அமெரிக்கப் படை போட்டுவிட்டுக் காடு மூடிக்கொண்டிருந்த லெடோ சாலை வழியே.

அவர்களில் டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய புத்தகம் இன்றும் விற்கிறது. 'ஆக்ஸ்போர்டு' என்ற அந்த வண்டி பல கை மாறி, அட்லாண்டிக் கடல் நடுவே செயின்ட் ஹெலீனா தீவில் கிடந்து, மீட்கப்பட்டு, 2019-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியது. ஸ்லெஸ்ஸருக்கு உடம்பு முடியாததால் அவர் பேரன் போனார். அறுபத்து மூன்று வருஷம் கழித்து அதே வண்டி ஓடியது என்றால், ஸ்பானர் வைத்துக் கழற்றி மாட்டக்கூடியதாக அதைச் செய்திருந்ததுதான் காரணம்.

பிறகு இந்த வழி கிட்டத்தட்டப் பேருந்துத் தடமாகவே ஆனது. 1957 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து கல்கத்தாவுக்கு 'இந்தியாமேன்' என்ற பஸ் கிளம்பியது. ஒரு வழிக் கட்டணம் 85 பவுன். 1968-ல் லண்டன் – சிட்னி கார் பந்தயத்தில் 98 கார்கள் கிளம்பி, பம்பாயில் கப்பலேறி, ஆஸ்திரேலியாவில் 56 மட்டும் முடித்தன. 1977-ல் அதே பந்தயம் மறுபடி நடந்தபோது கார்கள் நம்ம சென்னை வரைக்கும் வந்து, துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்கு போயின. இரண்டு தடவையும் ஜெயித்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன்.

1979-ல் எல்லாம் நின்றது. ஈரானில் புரட்சி, வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. எந்த எஞ்சினும் பழுதாகவில்லை. முன்னைவிட நல்ல வண்டியும் நல்ல ரோடும் இருந்தன. ஆனால் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

எழுதப்படாத பயணம்

இங்கேதான் நம் மக்களின் கதை வருகிறது. பர்டில்ஸ் 1928-ல் காரில் கடந்த அதே பர்மா எல்லை மலைகளை, 1942-ல் நம் மக்கள் கால்நடையாகக் கடந்தார்கள். ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்ததும், சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம்: ஆலைத் தொழிலாளி, கூலி, கடைக்காரர், செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை. கப்பலில் இடம் கிடைத்தவர் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும், தமு – இம்பால் வழியாகவும் நடந்தார்கள். அந்தக் காட்டுப் பாதையிலும் வெள்ளைக்காரனுக்கு ஒரு தடம், இந்தியனுக்கு ஒரு தடம் என்று பிரித்திருந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்விட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியது. மறுபடி லட்சக்கணக்கில் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். சென்னை பர்மா பஜாரும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அப்படி வந்தவைதான். அகதி வாழ்க்கை ஒத்துவராத சில குடும்பங்கள், "பொறந்த ஊருக்கே போயிடலாம்" என்று மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகத் திரும்பிப் போகப் பார்த்தன. எல்லையில் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசு இல்லை. எல்லையோரம் இருக்கும் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேசுவரி அம்மனுக்குக் கோயில் கட்டி, தமிழ்ச் சங்கம் வைத்து, கடை போட்டு வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பர்மா எல்லையில் ஒரு தமிழ் ஊர்!

ஆக்ஸ்போர்டு மாணவர்கள் ஆறு பேர் ஆறு மாதம் போனதற்குப் புத்தகம் உண்டு, படம் உண்டு, வண்டிக்குப் பெயர் உண்டு. நம்மவர்கள் லட்சம் பேர் நடந்ததற்கு எத்தனை புத்தகம் இருக்கிறது? விரல் விட்டு எண்ணலாம். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் தினமும் டைரி எழுதினார்கள். ஓடி வந்தவன் பிள்ளையைத் தூக்குவானா, பேனாவைத் தூக்குவானா? ஆனால் வந்து சேர்ந்த பிறகு, பேரன் பேத்திகளான நாம் கேட்டு எழுதியிருக்கலாம்.

2017 மார்ச்சில் கோவையிலிருந்து மீனாட்சி அரவிந்த், மூகாம்பிகை ரத்தினம், பிரியா ராஜ்பால் என்ற மூன்று பெண்கள் ஒரு டாடா ஹெக்ஸா காரில் லண்டன் கிளம்பினார்கள். 24 நாடு, 70 நாள், சுமார் 24,000 கிலோமீட்டர். மேற்கே பழைய வழி அடைபட்டிருந்ததால் கிழக்கே சுற்றி, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா என்று போனார்கள். ஒரு காலத்தில் நம்மவர்கள் செருப்பில்லாமல் வந்த பர்மாவை, நம் ஊர்ப் பெண்கள் ஸ்டீயரிங் பிடித்துக் கடந்தார்கள் என்பதைப் படித்தபோது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அந்தக் கதவும் நிலையாகத் திறந்திருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மறுபடி ராணுவ ஆட்சி. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம், மோரேயும் தப்பவில்லை. இந்தியா – மியான்மர் – தாய்லாந்து மூன்று நாட்டு நெடுஞ்சாலை என்று பேசத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது; முழுசாக முடிந்தபாடில்லை. ரோடு போட இஞ்சினியர் போதும். ரோட்டைத் திறந்து வைக்க அக்கம்பக்கத்தார் சமாதானமாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் பாருங்க, இது பங்களா ஷெட்டில் துணி போர்த்தி வைத்த காருக்குப் பொருந்தும். நாற்பது வருஷம் வாழைத்தார் சுமந்து, மூன்று எஞ்சின் மாற்றி, பின்பக்கத்தை வெட்டி ஒட்டின எங்க மலை ஜீப்புக்குப் பொருந்தாது. அதற்கு ஒரே வழி காயலான் கடை. புகையும் பிரேக்கும் சரியில்லாத வண்டி ரோட்டில் ஓட வேண்டும் என்று பிரேக் பிரிவில் வேலை செய்யும் நானே சொல்ல மாட்டேன். போக வேண்டியது போகட்டும். ஆனால் வண்டியோடு அதன் கதையும் எடைக்குப் போக வேண்டுமா?

நம் கல்லூரிப் பழைய மாணவர்களில் நாமக்கல் லாரிக் குடும்பங்கள் எத்தனை, திருச்செங்கோடு ரிக் வண்டிக் குடும்பங்கள் எத்தனை! காஷ்மீருக்கும் அஸ்ஸாமுக்கும் லோடு அடித்த அப்பாக்கள், ராஜஸ்தான் பாலைவனத்தில் போர் போட்ட சித்தப்பாக்கள் நம் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போகிற தூரத்தை அவர்கள் மாதாமாதம் போய் வந்தவர்கள். அதை அவர்கள் பயணம் என்று சொல்வதில்லை, "ட்ரிப்" என்றுதான் சொல்வார்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தாவின் பிள்ளைகளும் நம் சங்கத்தில் இருப்பார்கள்.

நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கச் சங்கம் கேட்க வேண்டும் என்பது என் யோசனை. பழைய ஆர்.சி. புத்தகம், நேஷனல் பர்மிட், டிரிப் ஷீட், செக்போஸ்ட் ரசீது, லாரி முன்னால் மாலை போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எதுவானாலும் சரி. அசலை நீங்களே வைத்துக்கொண்டு நகல் கொடுத்தாலும் போதும். படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டு எழுதி வரட்டும். எந்த வழியா போனீங்க, வண்டி எங்க நின்னுச்சு, எப்படி ஓட்டுனீங்க, யார் சோறு போட்டாங்க என்ற நாலு கேள்வி கேட்டால் போதும், அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள். எங்க தேவனூர் நாட்டு ஜீப்காரர்கள் சொன்னதை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்; அலமாரிக்கு முதல் கட்டு என்னுடையது.

அடுத்த சந்திப்புக்குள் நூறு கட்டாவது சேர வேண்டும். சேர்ந்தால், அதை வாசிக்க எல்லோரும் கொல்லிமலைக்கு வாருங்கள். விசா கேட்க மாட்டோம். பிரேக் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.